மலத்தில் ரத்தம்: மூலமா, பெருங்குடல் புற்றுநோயா? பரிசோதனையும் தடுப்பு வழிகளும்

மும்பை: மலத்துடன் ரத்தம் வந்தால் பெரும்பாலானோர் முதலில் சொல்லும் காரணம் மூலம். மும்பையின் புறநகர் ரயில் பெட்டிகளிலும் நிலையங்களை ஒட்டிய சுவர்களிலும் ‘பவாசீர், பகந்தர்’ சிகிச்சை விளம்பரங்களுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் அதே விளம்பரம் ‘மூலம், பவுத்திரம்’ என்று ஒட்டப்பட்டிருக்கும். ரத்தம் கசியும் பலருக்கும் காரணம் உண்மையிலேயே மூலமாகவே இருக்கும். ஆனால் அதே ரத்தம் மலக்குடலிலோ பெருங்குடலிலோ வளரும் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கக்கூடும். பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் ஓராண்டில் தங்களிடம் வந்த 800 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் வெளியிட்டனர். அவர்களில் 57 சதவீதம் பேருக்கு மலத்துடன் ரத்தம் வெளியேறியிருந்தது. சராசரி வயது 47.

வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு 30 வயதைக் கடந்த அனைவரையும் பரிசோதிக்கும் திட்டம் மத்திய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ் நடைமுறையில் உள்ளது. பெருங்குடல் புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனிலும் ஜப்பானிலும் அரசே பரிசோதனைக்கு அழைக்கிறது. இங்கே பாண்டுப்பிலோ தாராவியிலோ செம்பூரிலோ வசிக்கும் ஒருவருக்கு அப்படி எந்த அழைப்பும் வராது. எப்போது, எந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை அவரே அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

நோய் உருவாகும் விதம்

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுள்ள பகுதியே மலக்குடல். குடலின் உட்சுவரில் சிலருக்குச் சிறு பருக்களைப் போன்ற வளர்ச்சிகள் தோன்றும். மருத்துவர்கள் இவற்றைப் பாலிப் என்கின்றனர். பெரும்பாலான பாலிப்கள் தீங்கற்றவை. அடினோமா என்ற வகையைச் சேர்ந்த சில மட்டும் மெல்ல மெல்ல மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு புற்றாக மாறுகின்றன. இதற்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிக்கும்.

இந்த நீண்ட இடைவெளிதான் இந்நோயின் பலவீனம். பாலிப்பாக இருக்கும்போதே கண்டுபிடித்து அகற்றிவிட்டால் அந்த இடத்தில் புற்று உருவாகவே வாய்ப்பில்லை. நோயை முன்கூட்டியே கண்டறிவதோடு நில்லாமல், வராமலே தடுக்கவும் பரிசோதனையால் முடிகிற மிகச் சில புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. கருப்பை வாய்ப் புற்றுநோய் மற்றொன்று.

இந்தியாவில் எவ்வளவு?

உலக அளவில் 2022-ல் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் உயிரிழந்தனர். புதிய நோயாளிகளின் எண்ணிக்கையில் மூன்றாவது இடத்திலும், உயிரிழப்பில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இரண்டாவது இடத்திலும் இது உள்ளது. இந்தியாவில் அதே ஆண்டில் சுமார் 70 ஆயிரம் புதிய நோயாளிகளும் சுமார் 40 ஆயிரம் உயிரிழப்புகளும் நேர்ந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது.

மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இந்நோய் குறைவுதான். வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஐந்து பேர் என்ற அளவில் நிற்கிறது. ஐரோப்பாவின் சில நாடுகளில் இது எட்டு, ஒன்பது மடங்கு அதிகம். இத்தகைய ஒப்பீடு இந்தியாவில் சாத்தியமானதற்கு மும்பைக்கும் பங்குண்டு. நாட்டின் முதல் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டை இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் 1963-ல் இந்நகரில்தான் தொடங்கியது. தேசியப் பதிவேட்டுத் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது அதற்குக் கிட்டத்தட்ட இருபதாண்டுகள் கழித்துத்தான்.

ஆனால் குறைவு என்பது நிலையானது அல்ல. ஜப்பானில் பெருங்குடல் புற்றுநோய் அரிதாக இருந்த காலத்தில் அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானியரிடையே அது வேகமாக அதிகரித்ததை 1960-களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அவர்களுடைய மரபணு மாறவில்லை. உணவும் வேலையும் வாழ்க்கை முறையும் மாறியிருந்தன. பின்னர் ஜப்பானின் நகரங்களும் அதே வழியில் சென்றன. மும்பையின் அடுக்குமாடி அலுவலகங்களில் நாள் முழுவதும் அமர்ந்து பணிபுரியும் தலைமுறைக்கு, ஊரில் வயல் வேலை பார்த்த தாத்தாவின் குறைந்த ஆபத்து அப்படியே வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இளையோரிடையே இந்நோய் பெருகுவது மற்றொரு கவலை. 50 வயதுக்குட்பட்டோரின் நோய் விகிதம் 50 நாடுகளில் ஆராயப்பட்டதில் 27 நாடுகளில் உயர்ந்து வருவதாக ‘லான்செட் ஆங்காலஜி’ இதழில் 2024 டிசம்பரில் வெளியான ஆய்வு கூறுகிறது. ‘பிளாக் பாந்தர்’ திரைப்பட நாயகன் சாட்விக் போஸ்மன் 2020-ல் இந்நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43.

டாடா மருத்துவமனை ஆய்வின் சராசரி வயதான 47-ஐச் சற்றுக் கவனத்துடனே படிக்க வேண்டும். இந்தியாவின் மக்கள்தொகையே இளமையானது. தொலைதூர ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனையைத் தேடி வருவோரிலும் இளையோர் அதிகம் இருக்கக்கூடும். எனவே இந்தியர்களுக்கு நோய் இளமையிலேயே தாக்குகிறது என்று அந்த ஓர் எண்ணை வைத்து முடிவு கட்ட இயலாது. ஆனால் ‘இந்த வயதில் புற்றுநோய் வராது’ என்று மருத்துவரோ உறவினரோ சொன்னால் அதை ஏற்பதற்கில்லை என்பதை அந்த எண் தெளிவாகவே காட்டுகிறது. அந்த 800 பேரில் 13 சதவீதம் பேருக்கு இருந்தது முத்திரை மோதிர செல் வகைப் புற்று. வேகமாகப் பரவும் இந்த வகை, மேலைநாட்டு நோயாளிகளிடம் மிக அரிதாகவே காணப்படுகிறது.

மூலத்தையும் புற்றையும் பிரித்தறிவது

மூலத்தில் ரத்தம் பொதுவாகப் பளிச்சென்ற சிவப்பாக, மலம் கழித்த பின் சொட்டுச் சொட்டாக வரும். புற்றுநோயில் மலத்தோடு கலந்தோ, கருஞ்சிவப்பாகவோ, சளியுடனோ வரக்கூடும். பாடநூல் விளக்கம் இவ்வளவுதான். நடைமுறையில் இந்த வேறுபாட்டை நம்பி யாரும் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் புற்றிலிருந்தும் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வரும். மூலமும் புற்றும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு. மூலம் இருப்பது உறுதியாகிவிட்டது என்பதால் புற்று இல்லை என்று ஆகிவிடாது.

ரத்தத்துடன் வேறு சில மாற்றங்களும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. பல ஆண்டுகளாக ஒரே ஒழுங்கில் இருந்த மலப்பழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது. மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வருவது. மலம் கழித்த பிறகும் இன்னும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு நீடிப்பது. மலம் முன்பைவிட மெலிந்து வருவது. காரணமின்றி எடை குறைவது. இவை மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென வயிறு உப்பி, வாந்தியுடன், வாயுவும் மலமும் அடியோடு நின்றுபோனால் அது குடலடைப்பாக இருக்கலாம். அன்றே, அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டிய நிலை அது.

அடிவயிற்றின் வலப்பக்கப் பெருங்குடலில் வளரும் புற்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தத்தை வெளியேற்றாது. சிறிது சிறிதாகக் கசிந்து, சோர்வாகவும் மூச்சிரைப்பாகவும், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவாகவும் வெளிப்படும். இங்கேதான் பலர் மாதக்கணக்கில் நேரத்தை இழக்கின்றனர். இந்தியாவில் ரத்தசோகை மிகப் பரவலானது என்பதால் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, எந்த வயதிலுள்ள ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால் ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தாக வேண்டும். மாத்திரை அந்தக் கேள்விக்கு விடையாகாது.

மூலம் என்று வரும் நோயாளிக்கு மருத்துவர் செய்ய வேண்டிய முதல் பரிசோதனைக்குச் செலவே இல்லை. கையுறை அணிந்த விரலை ஆசனவாய் வழியாகச் செலுத்தி மலக்குடலைத் தடவிப் பார்ப்பதே அது. சில நிமிடங்கள் கூட ஆகாது. டாடா மருத்துவமனை ஆய்வில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட கட்டிகள் மலக்குடலிலேயே இருந்தன. அவற்றுள் கீழ்ப்பகுதியில் இருப்பவை விரலுக்கு எட்டக்கூடியவை. இருந்தும் கூச்சத்தால் நோயாளி மறுக்கிறார். நெரிசலான கிளினிக்கில் திரையோ தனியறையோ இல்லாததால் மருத்துவரும் தவிர்த்துவிடுகிறார். களிம்பும் மலமிளக்கியும் எழுதப்படுகின்றன. பெண்கள் பெண் மருத்துவரையோ, உடனிருக்க ஒரு செவிலியரையோ கேட்கலாம். அது அவர்களின் உரிமை. தொட்டுப் பார்க்காமலே ‘மூலம்’ என்று உறுதி கூறுபவரிடம் அறுவை சிகிச்சைக்கோ, ஊசி போட்டுக் கரைப்பதற்கோ, நூல் கட்டுவதற்கோ ஒப்புக்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது.

பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தாராவியிலும், பாண்டுப் மேற்கின் மலைச்சரிவுக் குடியிருப்புகளிலும் அதிகாலை வரிசையில் நின்று, மங்கிய வெளிச்சத்தில், கதவைத் தட்டும் அடுத்தவரின் அவசரத்துக்கிடையே மலத்தைக் கவனித்துப் பார்ப்பது எளிதன்று. ரத்தம் துணியில் படும் அளவுக்கு வரும்போதுதான் பலர் அறிகின்றனர். வாரத்துக்கு ஒருமுறையாவது கவனித்துப் பார்க்கும் வழக்கம் 40 வயதைக் கடந்தவர்களுக்குப் பயனளிக்கும்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இருமடங்காகிறது. அத்தகையோர் 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, இவற்றில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பி பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். அண்ணனுக்கு 42 வயதில் நோய் என்றால் தம்பிக்கும் தங்கைக்கும் 32-ல் பரிசோதனை.

மரபணு வழியே நேரடியாகத் தொடரும் வகைகள் சில உள்ளன. லிஞ்ச் நோய்க்குறி உள்ள குடும்பங்களில் பெருங்குடல் புற்றுடன் கருப்பை, வயிறு, சிறுநீர்ப்பாதைப் புற்றுகளும் தலைமுறை தோறும் இளம் வயதிலேயே தோன்றும். இவர்களுக்கு 20 முதல் 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி தேவை. குடும்ப அடினோமா பாலிப் நோயில் பதின்பருவத்திலேயே நூற்றுக்கணக்கில் பாலிப்கள் முளைக்கும். சிகிச்சையின்றி விட்டால் 40 வயதுக்குள் புற்று ஏறத்தாழ நிச்சயம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் அரிய வகையும் உண்டு. தாய்மாமன், அத்தை வழியில் திருமணம் செய்யும் குடும்பங்கள் இதை மருத்துவரிடம் குறிப்பிடுவது நல்லது.

நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், ஊரில் இறந்த பெரியப்பாவுக்கு என்ன நோய் என்று மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ‘வயிற்றில் கட்டி’, ‘குடல் புண்’, ‘சாப்பாடு இறங்கவில்லை’ என்ற சொற்களே எஞ்சியிருக்கும். திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ அடுத்த முறை திருவிழாவுக்குச் செல்லும்போது யார், எந்த வயதில், எந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்று இறந்தார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்தால், எந்த விலையுயர்ந்த மரபணுச் சோதனைக்கும் அதுவே முதற்படி.

குடலழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களும் அதிக ஆபத்துள்ளோர் பட்டியலில் அடங்குவர்.

அறிகுறி இல்லாதவருக்கு என்ன பரிசோதனை?

ஓர் அடிப்படை வேறுபாடு பலருக்குத் தெளிவாக இல்லை. அறிகுறி எதுவுமற்ற நலமான மனிதருக்குச் செய்வதுதான் முன்னறி பரிசோதனை. ரத்தம் வருகிறவருக்கு அது பொருந்தாது. அவருக்கு நேரடியாக நோயறியும் பரிசோதனையே தேவை. மலப் பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்தது என்று ரத்தம் கசியும் ஒருவர் நிம்மதியடைவது ஆபத்தானது.

அறிகுறியற்றோருக்கு உலகில் அதிகம் பயன்படுவது மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் கண்டறியும் சோதனை. பழைய குவையாக் முறையில் இறைச்சியும் சில காய்கறிகளும் முடிவைக் குழப்பும் என்பதால் உணவுக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. ‘ஃபிட்’ எனப்படும் புதிய முறை மனித ரத்தத்தை மட்டுமே இனங்காணும், பத்தியம் வேண்டாம், வீட்டிலேயே குச்சியால் சிறிது மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். ஒருமுறை செய்தால் ஐந்தில் நான்கு புற்றுகளைப் பிடித்துவிடும். பாலிப்களை அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவேதான் ஆண்டுதோறும் அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்திய ஆய்வகங்களில் ‘ஸ்டூல் ஆக்கல்ட் பிளட்’ என்று பொதுவாகக் கேட்டால் பழைய முறையிலேயே செய்து தரக்கூடும். ஃபிட்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இச்சோதனையின் பலன் நிரூபிக்கப்பட்டது அமெரிக்காவின் மினசோட்டாவில், 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில். ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்தவர்களிடம் இந்நோயால் நேரும் இறப்பு 33 சதவீதம் குறைந்ததாக 1993-ல் அறிவிக்கப்பட்டது. கொலோனோஸ்கோப்பி இதைவிட நுட்பமானது. குடல் முழுவதையும் கேமரா வழியே பார்த்து, பாலிப்பை அப்போதே அகற்றவும் முடியும். முடிவு இயல்பாக இருந்தால் பத்தாண்டுகளுக்குத் திரும்பச் செய்யத் தேவையில்லை. ஆனால் போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் சுமார் 85 ஆயிரம் பேரிடம் நடந்த ‘நார்டிக்’ ஆய்வு 2022-ல் ஓர் எச்சரிக்கையையும் தந்தது. கொலோனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்ட குழுவில் புற்றுநோய் 18 சதவீதமே குறைந்தது; அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் மட்டுமே வந்திருந்தனர் என்பது முக்கியக் காரணங்களுள் ஒன்று. மிகச் சிறந்த சோதனையாயினும் மக்கள் செய்துகொள்ளாவிட்டால் பயனில்லை.

அமெரிக்காவில் தொடக்க வயது 2021-ல் 50-லிருந்து 45 ஆகக் குறைக்கப்பட்டது. ஜப்பானில் 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் மலப் பரிசோதனை. சிங்கப்பூரில் 50 வயது முதல் ஃபிட். கனடாவின் ஒன்டாரியோவில் 50 முதல் 74 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை. அங்கெல்லாம் வாழும் தமிழர்கள் தபாலில் வரும் சோதனைப் பெட்டியை அலமாரியில் வைத்து மறந்துவிடாமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்தியாவில் எல்லோருக்கும் இதைச் செய்யாததற்குக் காரணம் உண்டு. நோய் விகிதம் குறைவாக உள்ள நாட்டில் ஒரு புற்றைக் கண்டறிய மிகப் பலரைப் பரிசோதிக்க வேண்டும். மூலம், அமீபா தொற்று, குடற்புழு போன்றவற்றாலும் மலத்தில் ரத்தம் வரக்கூடும் என்பதால் வீண் ‘பாசிட்டிவ்’ முடிவுகள் பெருகும். அவர்கள் அனைவருக்கும் கொலோனோஸ்கோப்பி செய்ய நாட்டில் போதிய மையங்கள் இல்லை. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எளிய குடியிருப்புகளில் இத்தகைய பரிசோதனையே இயலாது என்ற வாதம் மும்பையிலேயே பொய்த்துப்போயிருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, இந்நகரின் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பத்தாம் வகுப்பு வரை படித்த உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று, வினிகர் தடவிப் பார்க்கும் எளிய முறையில் கருப்பை வாயைப் பரிசோதித்தனர். அந்தப் புற்றுநோயால் நேரும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. நோய் விகிதம் அதிகமாகி வரும் நகரங்களிலாவது பெருங்குடலுக்கும் அப்படியொரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கிப் பார்க்கும் காலம் வந்துவிட்டதாகவே தோன்றுகிறது.

அதுவரை தனிநபர் செய்யக்கூடியது என்ன? அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவர் 45 அல்லது 50 வயதுக்குப் பின் தம் மருத்துவரிடம் ஃபிட் பரிசோதனை பற்றிப் பேசலாம். முடிவு ‘பாசிட்டிவ்’ என்றால் கொலோனோஸ்கோப்பி கட்டாயம். மீண்டும் ஒருமுறை மலத்தைச் சோதித்து ‘நெகட்டிவ்’ வருகிறதா என்று பார்ப்பது தவறான வழி.

ஓரறை வீட்டில் கொலோனோஸ்கோப்பிக்குத் தயாராவது

பரிசோதனை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பொதுவாக மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படும். குடலில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப்பை அகற்றும்போது சற்றுக் கூடும். உண்மையான சிரமம் முந்தைய நாளில்தான். குடலை முற்றிலும் காலி செய்ய, பாலிஎத்திலீன் கிளைகால் தூள் கலந்த கரைசலை இரண்டு லிட்டரோ அதற்கு மேலோ குடிக்க வேண்டும். அடுத்த சில மணி நேரத்தில் பத்து முறைக்கு மேலும் கழிப்பறைக்கு ஓட நேரிடும். தூள் பாக்கெட்டோடு வரும் அறிவுரைத் தாள், வீட்டுக்குள் கழிப்பறை இருக்கிறது என்று கருதிக்கொண்டு எழுதப்பட்டது. நள்ளிரவில் பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டியவர்கள், குறிப்பாக முதியோரும் பெண்களும், இந்த ஒரு காரணத்துக்காகவே தேதியைத் தள்ளிப்போடுவதும், கரைசலைப் பாதியில் நிறுத்திவிடுவதும் நடக்கக்கூடும். குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் பாலிப்கள் கண்ணில் படாமல் போகும். பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

தேதி குறிக்கும்போதே வீட்டின் நிலையை மருத்துவமனையில் சொல்லிவிடுவது நல்லது. முந்தைய நாளே அனுமதித்துத் தயார்படுத்த இயலுமா என்று கேட்கலாம். வீட்டுக்குள் கழிப்பறை உள்ள உறவினர் இல்லத்தில் அன்றிரவு தங்கலாம். கரைசலை ஒரே மூச்சில் குடிக்காமல், முதல் நாள் மாலை பாதியும் மறுநாள் அதிகாலை பாதியுமாகப் பிரித்துக் குடித்தால் குடல் நன்கு சுத்தமாகும், உடலுக்கும் எளிது. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, பழங்கள், தக்காளி, விதையுள்ள காய்கள், முழுப் பயறு ஆகியவற்றைத் தவிர்த்து வெண்சோறு, இட்லி, மோர் என்று எளிமையாக உண்ண வேண்டும். முந்தைய நாளில் இளநீர், வடிகட்டிய கஞ்சித் தெளிவு போன்ற தெளிந்த நீராகாரம் மட்டுமே. சிவப்பு நிறப் பானங்கள் ரத்தம் போலத் தோன்றும் என்பதால் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நீரிழிவு மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம். தாமாக நிறுத்தவும் கூடாது, தாமாகத் தொடரவும் கூடாது. மயக்க மருந்து தருவதால் திரும்பிச் செல்லத் துணைக்கு ஒருவர் வேண்டும். அன்று வாகனம் ஓட்டக் கூடாது.

தடுக்க முடிவதும் முடியாததும்

புகையிலை, மது, உடல் பருமன், உடலுழைப்பின்மை ஆகிய நான்கும் ஆபத்தை உயர்த்துவது உறுதியாக நிறுவப்பட்டுள்ளது. சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்று ஆபத்தை 18 சதவீதம் கூட்டுவதாக மதிப்பிட்டது. ஆடு, மாடு, பன்றி இறைச்சி ‘அநேகமாக உண்டாக்கக்கூடும்’ என்ற அடுத்த பிரிவில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கூடுதல் ஆபத்து எவ்வளவு, எத்தனை முறை என்பதைப் பொறுத்தது. அதேபோல, சைவ உணவு உண்போருக்கு இந்நோய் வராது என்பதும் தவறு. எண்ணெயில் பொரித்த பலகாரமும் இனிப்பும் மைதாவுமாக உண்டு, வயிற்றுச் சுற்றளவு பெருகி, நடையே இல்லாதிருப்பவருக்குச் சைவம் பாதுகாப்பு அளிக்காது.

நார்ச்சத்துள்ள உணவு ஆபத்தைக் குறைக்கிறது. கேழ்வரகு, கம்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கீரை, கொய்யா ஆகியவை எல்லாச் சந்தையிலும் கிடைப்பவை. ‘குடலைச் சுத்தம் செய்யும்’ சூரணங்களும் எனிமா சிகிச்சைகளும் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆஸ்பிரின் மாத்திரை லிஞ்ச் நோய்க்குறி உள்ளோருக்குப் பலன் தருவது ஆய்வில் தெரிய வந்திருக்கிறது. மற்றவர்கள் தாமாக உட்கொண்டால் இரைப்பையில் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தே மிகுதி.

நோய் உறுதியானால்

முதல் கட்டத்தில், குடலுக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்டால் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்வோர் சுமார் 90 சதவீதம் என்பது அமெரிக்கப் புள்ளிவிவரம். கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பின் அது 15 சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது.

பாண்டுப், காட்கோபர், மாட்டுங்கா ஆகிய இடங்களில் வசிப்போருக்கு மத்திய ரயில்வேயின் மெதுவான லோக்கல் ரயிலில் பரேல் நிலையம் நேரடி வழி. டாடா நினைவு மருத்துவமனையும் மாநகராட்சியின் கேஈஎம் மருத்துவமனையும் அங்கே அருகருகே உள்ளன. தாராவிவாசிகளுக்கு சயான் மருத்துவமனை பக்கம். முதல் ஆலோசனைக்கு மாநகராட்சியின் ‘ஆப்லா தவாகானா’ இலவச மருத்துவ மையங்களை அணுகிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டத்தில், பட்டியலில் இடம்பெற்ற மருத்துவமனைகளில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ஆதாரும் குடும்ப அட்டையும் இதற்குத் தேவை. குடும்ப அட்டை இன்னமும் தமிழ்நாட்டு முகவரியில் இருப்பவர்கள், மும்பையில் சிகிச்சை பெறுவதா, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்துக்குச் செல்வதா என்பதை முடிவு செய்யும் முன் எந்தத் திட்டம் தமக்குப் பொருந்தும் என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டறிவது பணத்தையும் வாரங்களையும் மிச்சப்படுத்தும்.

பெருங்குடல் புற்றுக்கு அறுவை சிகிச்சையே மையம். தேவைக்கேற்பக் கீமோதெரபி தொடரும். மலக்குடல் புற்றில் பெரும்பாலும் கதிர்வீச்சும் கீமோதெரபியும் முன்னால் வரும். எம்எம்ஆர் என்ற பரிசோதனையைத் திசுவில் செய்ய வேண்டும் என்று கேட்பது முக்கியம். லிஞ்ச் நோய்க்குறி உண்டா என்பதையும், இம்யூனோதெரபி பலன் தருமா என்பதையும் அதுவே காட்டிக் கொடுக்கும்.

நோயாளிகள் அதிகம் அஞ்சுவது ‘வயிற்றில் பை வைத்துவிடுவார்கள்’ என்பதற்கே. ஆசனவாயை ஒட்டிய கட்டிகளில் நிரந்தரமாக அது தேவைப்படலாம், பலருக்குத் தற்காலிகமானதே. சில மாதங்களில் குடலை மீண்டும் இணைத்துவிடுவர். பையுடன் அலுவலகம் செல்வோரும், நெரிசல் நேர ரயிலில் பயணிப்போரும் உள்ளனர். ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியரை அறுவை சிகிச்சைக்கு முன்பே சந்தித்து, பை எங்கே பொருத்தப்படும், எப்படி மாற்றுவது, மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளலாம். சேலையோ வேட்டியோ கட்டும் இடத்தில் பை அமையாதபடி இடத்தைக் குறிக்குமாறு சொல்லவும் அப்போதுதான் வாய்ப்பு. பைக்கு அஞ்சி அறுவை சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை நாடிச் செல்வோர், சில மாதங்களில் குடலடைப்புடன் திரும்பி வரும்போது அவசர அறுவை சிகிச்சையில் அதே பையைத்தான் பொருத்த வேண்டியிருக்கும். நோயோ ஒரு கட்டம் முற்றியிருக்கும்.

சிகிச்சை முடிந்த பின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சிஇஏ ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் குறித்த இடைவெளியில் தொடரும். ஓராண்டில் மீண்டும் கொலோனோஸ்கோப்பி. பெருங்குடல் புற்றுக்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரிடம் நடந்த சர்வதேச ஆய்வின் முடிவு 2025 ஜூனில் வெளியானது. பயிற்சியாளரின் வழிகாட்டுதலுடன் மூன்றாண்டுகள் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில் 80 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் நோயின்றி இருந்தனர். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 74 சதவீதம். அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி வேக நடைக்கு ஒப்பான அளவே. நோயாளி நடக்கத் தொடங்கும் நாளில் அவருடைய உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் தங்கள் கொலோனோஸ்கோப்பிக்கான தேதியைக் கேட்டுப் பெற வேண்டும்.